செவ்வாய்க்கிழமை என்று சொன்ன இருபத்தேழு பேர்

வடக்குப்பட்டு
9.2.2025, ஞாயிறு

அன்பு மகள் சத்யப்பிரியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே உடம்பு என்று பார்த்தால் எல்லோரும் நலம். அங்கே நீயும் நலமாகத்தான் இருப்பாய், உன் அம்மா தினம் போனில் உன் முகத்தைப் பார்த்துவிட்டு இளைத்துவிட்டாள் இளைத்துவிட்டாள் என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மனசு நலமா என்று கேட்டால் அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது, அதனால்தான் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். போனிலேயே பேசிவிடலாமே என்றாள் அம்மா. போனில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், சிக்னல் சரியில்லைப்பா, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுகிறாய், மூன்று தடவை ஆயிற்று. காகிதத்துக்கு சிக்னல் வேண்டாம் பாப்பா. கடைசி வரைக்கும் உட்கார்ந்து படி.

முதலில் வீட்டுச் சேதி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா திட்டுவாள். அவளுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, மாடிப்படி ஏறவே கூடாது என்று படப்பை டாக்டர் சொன்ன மறுநாளே வடாம் காயவைக்க மாடிக்கு ஏறிவிட்டாள். கேட்டால் வடாம் தானாக ஏறுமா என்கிறாள். உன் தம்பி ரகுவை மண்ணூர் கம்பெனியில் போர்க்லிப்ட் ஓட்ட வைத்துவிட்டார்கள், அதிலிருந்து வீட்டு வாசலில் அவன் டூவீலரைத் திருப்பி நிறுத்துவதே தனி மிடுக்காக இருக்கிறது. நம் தெருவில் குழாய்க்காகத் தோண்டிய பள்ளத்தைப் பொங்கலுக்குள் மூடிவிடுவோம் என்றார்கள், எந்தப் பொங்கல் என்று சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை தைப்பூசம், வல்லக்கோட்டைக் கோயிலுக்கு நடக்கிறவர்கள் இப்போதே மெயின் ரோட்டில் லாரிக்கு நடுவே போக ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா உன் பேருக்கு அர்ச்சனை செய்யச் சொல்லியிருக்கிறாள். செய்கிறேன். உன் மேல் இருக்கிற கோபம் வேறு, அர்ச்சனை வேறு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் பத்தொன்பதாம் தேதி நீ போன் பண்ணினாய். நீ இங்கே படித்த மெடிக்கல் காலேஜும் இப்போது வேலை பார்க்கிற கிளாஸ்கோ காலேஜும் சேர்ந்து நம் பக்கத்து ஊர்களில் மூளைப் பரிசோதனை முகாம் நடத்துகிறார்கள், எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைனில் வருஷக்கணக்காக, போர்டில் ஈயம் பற்றவைக்கிற சாலிடர் புகையை மூக்கில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பொம்பளைகளின் மூளையை அது என்ன செய்கிறது என்று யாரும் இதுவரை சரியாகப் பார்க்கவில்லை, நான்தான் முன்னின்று செய்கிறேன் என்று சொன்னாய். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். நம் ஊர்ப் பெண் நம் ஊர் பொம்பளைகளுக்காகச் செய்கிறாள் என்று நான் ஓட்டுகிற ஷிப்ட் பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருத்தரிடமும் சொன்னேன். அதே போனில் இன்னொன்றும் சொன்னாய். சேரப்பணஞ்சேரி சமுதாயக் கூடத்தில் மூன்று நாளாக முகாம் போட்டும் பன்னிரண்டு பேர்தான் வந்தார்கள், ஆள் இல்லாமல் என் ஆராய்ச்சியே நின்றுவிடும் போலிருக்கிறது, நீங்கள் எப்படியாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் அப்பா என்றாய். அந்தக் குரலை நான் தட்ட முடியுமா. ஐந்தாம் வகுப்பில் ரிப்பன் வேண்டும் என்று கேட்ட அதே குரல்.

அந்த வாரம் என் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு நைட் ஷிப்ட். வீட்டில் இறக்கிவிட்டால் சமைத்துவிட்டு அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிடுவார்கள், மறுபடி எழுந்து கூடத்துக்கு யார் வருவார்கள். அதனால் இருபத்திரண்டாம் தேதி, புதன்கிழமை காலையில், ஒரகடம் கம்பெனி கேட்டில் ஏற்றிக்கொண்டவர்களை வீட்டுப் பக்கம் விடாமல் பஸ்ஸை நேராகச் சேரப்பணஞ்சேரிக்குத் திருப்பிவிட்டேன். முப்பத்தொரு பேர். முதல் ஆளாக இறங்கினவள் உன் மஞ்சுளா அத்தை. நம்ம பாப்பா படிப்புடி, எல்லாரும் எறங்குங்க என்று என் தங்கச்சி போட்ட சத்தத்தில்தான் மற்ற முப்பது பேரும் இறங்கினார்கள். எட்டு மணி நேரம் குனிந்து போர்டு பார்த்துவிட்டு, கண்ணெல்லாம் சிவந்து, ஒரு வாய் காபி கூடக் குடிக்காமல் வந்தவர்களை வரிசையாக உட்கார வைத்தார்கள். இன்றைக்கு என்ன கிழமை என்று முதல் கேள்வி. அத்தை செவ்வாய் என்றாள். தப்பு என்று பெருக்கல் குறி போட்டார்கள்.

நீ பெரிய படிப்பு படித்தவள், ஆனாலும் உனக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. செவ்வாய் ராத்திரி பத்து மணிக்கு கார்டு தேய்த்து உள்ளே போனால் காலை ஆறு மணிக்கு வெளியே வருகிறவரைக்கும் லைனில் எழுதுகிற எல்லாத் தாளிலும் செவ்வாய் தேதிதான் போட வேண்டும். புதன் என்று எழுதினால் சூப்பர்வைசர் அடித்துத் திருத்தச் சொல்வார். வீட்டுக்கு வந்து, குளித்து, தூங்கி எழுந்தால்தான் அவர்களுக்கு மறுநாள். பதினான்கு வருஷமாக அத்தைக்கு நாள் அப்படித்தான் மாறுகிறது. நான் விடவில்லை, போன வாரம் வீடு வீடாகப் போய் எல்லோரையும் கேட்டேன். முப்பத்தொரு பேரில் இருபத்தேழு பேர் செவ்வாய் என்று சொல்லியிருக்கிறார்கள். மீதி நாலு பேரில் ஒருத்தி செல்போனை எட்டிப் பார்த்துச் சொன்னாளாம். இருபத்தேழு பேருக்கு ஒரே நாளில் ஒரே மாதிரி மறதி வருமா பாப்பா. மறதி என்றால் ஒருத்தி வெள்ளி என்பாள், ஒருத்தி ஞாயிறு என்பாள். எல்லோரும் சேர்ந்து செவ்வாய் என்றால், கேட்டவர்களுக்குத்தான் ஏதோ தெரியவில்லை என்று ஓட்டுநர் எனக்குப் புரிகிறது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவருக்கும் அங்கே புரியவில்லை.

அதோடு விட்டார்களா. கடிகாரம் வரைந்து பத்து மணி பத்து நிமிஷம் காட்டச் சொன்னார்களாம். அத்தை ஒரு பெட்டி போட்டு உள்ளே பத்துப் பத்து என்று எழுதியிருக்கிறாள், லைனுக்கு மேலே தொங்குகிற நம்பர் கடிகாரம் அப்படித்தான் இருக்கும், அவள் வீட்டிலும் அதுதான். அதற்கும் பெருக்கல் குறி. பிறகு தலையில் வயர் வைத்த குல்லாவை மாட்டி கண்ணை மூடி அசையாமல் இருங்கள் என்றார்களாம். ராத்திரி முழுக்க விழித்திருந்தவளைக் கண்ணை மூடச் சொன்னால் என்ன செய்வாள். தூங்கிவிட்டாள். கவனம் நிலைக்கவில்லை என்று அதையும் எழுதிக்கொண்டார்கள். பஸ்ஸில் ஏறி அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இன்னாண்ணா இது, செவ்வாக்கெழமன்னு கரீட்டாதான சொன்னேன், அந்தப் பொண்ணு இன்ட்டு போட்டுக்கினே போவுது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன திங்கட்கிழமை, மூன்றாம் தேதி, அவர்களுக்கு மார்னிங் ஷிப்ட். காலை ஐந்தே முக்காலுக்கு கேட்டில் இறக்கினேன். கார்டைத் தேய்த்தால் சிவப்பு விளக்கு. அத்தைக்கு மட்டும் இல்லை, என் பஸ்ஸில் வந்தவர்களிலேயே பத்தொன்பது பேருக்கு. காலேஜிலிருந்து கம்பெனி மெடிக்கல் ரூமுக்கு ஒரு லிஸ்ட் போயிருக்கிறது, இவர்களுக்கு மறதியும் கவனக்குறைவும் இருக்கலாம், மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று. எச்ஆர் தம்பி வெளியே வந்து, "சேப்டி மேட்டர்ணா, சூடான மிஷின்ல இவங்கள ஒக்கார வெச்சா நாளைக்கு நாங்கதான் பதில் சொல்லணும், பிட்னஸ் சர்ட்டிபிகேட் கொண்டாரச் சொல்லுங்க" என்றார். அந்த சர்ட்டிபிகேட் காலேஜில் தர வேண்டும், நரம்புப் பிரிவில் தேதி கேட்டால் ஏப்ரலில் வா என்கிறார்கள். அதுவரைக்கும் சம்பளம் கிடையாது, இவர்கள் எல்லோரும் கான்ட்ராக்ட் ஆட்கள், நின்றால் நின்றதுதான். பத்தொன்பது பேரும் டிபன் டப்பாவோடு ரோட்டோரம் நின்றதை நீ பார்த்திருக்க வேண்டும். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர்களோடு அவர்களையும் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தேன். மரகதம் என்று வயசானவர் ஒருவர் வருவார், உனக்கும் தெரியும், அவர் மட்டும் இறங்கும்போது, "உம்பொண்ணு நல்லா இருக்கட்டும் பலராமா" என்றார். வாழ்த்தா சாபமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கம்பெனிக்கு லிஸ்ட் எப்படிப் போனது என்று கேட்டுக்கொண்டு அன்றைக்கே காலேஜுக்குப் போனேன். முகாமை நடத்திய டாக்டர் இளம்பரிதி நல்ல பையன், ஓடி ஒளியவில்லை. மறுநாள் நம் வீட்டுக்கே வந்து, கையெழுத்து வாங்கிய பாரத்தைக் காட்டினார். மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில், தேவைப்பட்டால் பணியிட மருத்துவப் பிரிவுக்குத் தெரிவிக்கப்படும் என்று இருக்கிறது. உன் பேரைச் சொன்னதும் யாரும் மூன்றாம் பக்கம் புரட்டவில்லை. சரி, இந்தப் பாரத்தில் அம்மா பேர், அப்பா பேர், சர்க்கரை, பிரஷர், எத்தனை குழந்தை, எத்தனாம் வகுப்பு எல்லாம் கேட்டிருக்கிறீர்களே, கடைசியாக எப்போது தூங்கினாய் என்று ஒரு கட்டம் இல்லையே என்று கேட்டேன். "பார்ம் நாங்க போட்டது இல்ல சார், அங்கேர்ந்து வந்தது. இத்தனை பேரோட ரிசல்ட் செல்லாதுன்னு மேடம் கையெழுத்துப் போட்டு அனுப்பினா நாங்க லிஸ்ட்ட வாபஸ் வாங்கிடலாம். ரெண்டு மெயில் போட்டேன், பாக்கிறேன்னு சொன்னாங்க" என்றார். மேடம் என்று அவர் சொன்னது யாரை என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று.

எவனோ வெள்ளைக்காரன் எழுதின பாரமாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பேன். அவனுக்கு ஷிப்ட் தெரியாது, வடக்குப்பட்டு தெரியாது. எழுதினது நீ. உங்கப்பன் மூன்று ஷிப்டும் பஸ் ஓட்டி வளர்த்த பெண் நீ. நைட் டூட்டி முடித்து நான் வந்து படுத்தால் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, அப்பா தூங்குகிறார் என்று தெருப் பிள்ளைகளை விரட்டினவள் நீ. உனக்கு அந்த ஒரு கட்டம் போடத் தோன்றவில்லை என்றால் என்ன ஆராய்ச்சி அது. புதன்கிழமை போனில் கேட்டபோது என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா. விதிப்படிதான் எல்லாம் நடந்திருக்கிறது அப்பா, முப்பத்தொரு பேரையும் எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றும் இருக்காது, இரண்டு வருஷ உழைப்பு போய்விடும் என்றாய். இரண்டு வருஷமா. அத்தையின் பதினான்கு வருஷம் எந்தக் கணக்கில் வருகிறது. இன்னொன்றும் யோசித்துப் பார். நாளைக்கு நிஜமாகவே அந்தப் புகையால் ஒருத்திக்கு மூளை கெட்டால் யார் நம்புவார்கள். இவர்களுக்கு முன்னாலேயே இப்படித்தான் என்று கம்பெனி உன் தாளையே எடுத்துக் காட்டும். அவர்களுக்காக என்று ஆரம்பித்துவிட்டு அவர்கள் மேலேயே கொண்டுபோய் இடித்திருக்கிறாய்.

உன்னை மட்டும் சொல்லவில்லை, என் தப்பையும் எழுதுகிறேன். ஷிப்ட் பஸ்ஸை வழியில் எங்கும் திருப்பக் கூடாது என்பது டிராவல்ஸ் ரூல். அன்றைக்கு ஏன் இரண்டு மணி நேரம் லேட் என்று ஓனர் கேட்டதற்கு, ரேடியேட்டர் சூடாகிவிட்டது என்று பொய் சொன்னேன். அவர்களைத் தூங்காமல் இழுத்துக்கொண்டு போனவன் நான். வீட்டில் இறக்கிவிட்டு, சாயங்காலம் தூங்கி எழுந்ததும் வாருங்கள் என்று சொல்லியிருந்தால் பாதிப் பேராவது வந்திருப்பார்கள், சரியாகவும் சொல்லியிருப்பார்கள். உன் அவசரம் என் தலைக்கு ஏறிவிட்டது. அன்றைக்கு என்னை உட்கார வைத்துக் கேட்டிருந்தாலும் நானும் செவ்வாய் என்றுதான் சொல்லியிருப்பேன், அப்புறம் அந்த முப்பத்தொரு பேரையும் ஏற்றிக்கொண்டு ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பத்திரமாகத்தான் ஓட்டி வந்தேன். அதனால் வெள்ளிக்கிழமை ஒரு காரியம் செய்தேன். இன்ன தேதி, இன்ன நேரத்தில், நைட் ஷிப்ட் முடித்த பெண்களைத் தூங்கவிடாமல், சாப்பிடவிடாமல் நான்தான் முகாமுக்குக் கொண்டுபோனேன், ரேடியேட்டர் என்று சொன்னது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, காலேஜில் ஒன்று, கம்பெனியில் ஒன்று, டிராவல்ஸில் ஒன்று கொடுத்துவிட்டேன். ஓனர் படித்துப் பார்த்துவிட்டு, சாவியை வெச்சிட்டுப் போ பலராமா, சொல்லி அனுப்பறேன் என்றார். இன்னும் சொல்லி அனுப்பவில்லை. அம்மாவுக்கு இது தெரியும், அழுதாள், பிறகு செஞ்சது சரிதான் என்றாள்.

அத்தையைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், எழுதாமல் முடியவில்லை. அவள் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். ஆயிரம் போர்டில் ஒரு போர்டில் ஒரு புள்ளி சாலிடர் கம்மியாக இருந்தால் கண்டுபிடித்து, இது எந்த மிஷினில் வந்தது என்று சொல்வாள், சூப்பர்வைசரே அவளைக் கேட்டுத்தான் எழுதுவார். உன் ப்ளஸ் டூ ஹால் டிக்கெட் நம்பர் இன்றைக்கும் அவளுக்கு மனப்பாடம். அவள் இப்போது வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறாள், இரண்டு தடவை, மூன்று தடவை. கேஸ் அணைத்தேன் என்று காலண்டரில் எழுதி வைக்கிறாள். அவள் பெண் சுகப்பிரியா பத்தாவது பரீட்சைக்குப் படிக்கிறாள், சின்னப் பெண், விவரம் போதவில்லை, எது காணாமல் போனாலும், நீதான் எங்கியாவது வெச்சிட்டு மறந்திருப்பம்மா என்கிறாளாம். அத்தை அதை ஒத்துக்கொள்கிறாளாம். நேற்று நான் போய், உனக்கு ஒன்றும் இல்லை மஞ்சுளா, அந்தப் பரிசோதனைதான் தப்பு, பாப்பாவுக்கு எழுதப்போகிறேன் என்று சொன்னேன். "பாப்பாவ ஒண்ணும் சொல்லாதண்ணா. அது மிஷின் வெச்சிப் பார்த்துச் சொல்லுது, அது தப்பா சொல்லுமா. எனக்குத்தான் உள்ள இன்னாவோ ஆயிடுச்சி, நமக்குத் தெர்ல" என்றாள். தன் தலைக்குள் இருப்பதை விட உன் தாளை அவள் நம்புகிறாள் பாப்பா. என்னால் அங்கே உட்கார முடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

சர்ட்டிபிகேட் ஏப்ரலில் வரும், வேலை இங்கே இல்லாவிட்டால் வேறு கம்பெனியில் கிடைக்கும், அதை நான் பார்த்துக்கொள்வேன். அவள் மனசுக்குள் புகுந்த சந்தேகத்தை எந்த டாக்டரும் எடுக்க முடியாது, போட்டவள்தான் எடுக்க வேண்டும். இருபத்து நாலாம் தேதி கம்பெனியில் அந்த லிஸ்டைப் பற்றி உட்கார்ந்து பேசப்போகிறார்கள், அதற்குள் உன் தாள் வந்தால் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று இளம்பரிதி சொல்லியிருக்கிறார். ஸ்பீட் போஸ்ட் உன் ஊருக்கு வர எத்தனை நாள் ஆகுமோ தெரியாது, ரகுவிடம் படம் பிடித்து இன்றைக்கே அனுப்பச் சொல்கிறேன், காகிதம் வந்து சேரட்டும் என்று காத்திருக்காதே. உன் புரொபசருக்கு இங்கிலீஷில் படித்துக் காட்டு, ஒரு வார்த்தையும் விடாதே, உன்னைத் திட்டினதையும் சேர்த்துச் சொல். அவர் உன் ஆராய்ச்சியை நிறுத்தினால் நிறுத்தட்டும். சரியான கட்டம் போட்ட பாரத்தோடு மறுபடி ஆரம்பி, தூங்கி எழுந்த பெண்களை நானே கூட்டிவருகிறேன், நடந்தாவது கூட்டிவருகிறேன். வருவார்களா என்று கேட்காதே, அது நீ இப்போது செய்யப்போவதைப் பொறுத்தது. அந்தத் தாளை அனுப்பிவிட்டு முதலில் அத்தைக்குப் போன் பண்ணு, எனக்கு இல்லை. நான்தான் தப்பு அத்தை, நீ இல்லை என்று உன் வாயால் சொல்லு.

குளிரில் தலைக்கு ஏதாவது கட்டிக்கொண்டு போ, நேரத்துக்குச் சாப்பிடு, நீயும் ராத்திரி கண் விழித்து வேலை செய்யாதே. உனக்கு எந்தக் குறையும் வராமல் வல்லக்கோட்டையான் பார்த்துக்கொள்ளட்டும். அம்மாவின் ஆசீர்வாதமும் ரகுவின் அன்பும் இதோடு சேர்த்து அனுப்புகிறேன். திட்டிவிட்டேன் என்று சாப்பிடாமல் படுத்துவிடாதே, உன்னைத் தவிர வேறு யாரை நான் இப்படித் திட்ட முடியும். வெள்ளிக்கிழமை நான் எழுதிக் கொடுத்ததன் நகல் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். கடைசியில் பார், என் கையெழுத்துக்குப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போட்டுவிட்டு உன் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் உன் அப்பா,
பலராமன்